மலையில் பெய்த மழை

குளிர்காலத்தில் காட்டுச் சாலைகளும் மரக்கிளைகளும் வெண்பனியால் மூடப்பட்டிருக்கும் படங்களை மாணவர்கள் பாடநூல்களில் பார்த்திருப்பீர்கள். "நம் நாட்டில் ஏன் பனி பெய்வதில்லை?" என்று ஆண்டுதோறும் ஒரு மாணவராவது என்னிடம் கேட்டதுண்டு. நம் நாடு நிலநடுக்கோட்டிற்கு அண்மையில் உள்ளது. ஆயிரம் மீட்டர் உயரம் மேலே சென்றாலும் வெப்பம் ஏறத்தாழ ஆறு பாகைதான் குறையும். சிரம்பானுக்குக் கிழக்கே நிற்கும் தெலாப்பாக் புரோக் மலையின் உயரமே 1,193 மீட்டர்தான். அங்கே பனி விழ வழியில்லை. எனினும் நமக்கும் ஒரு குளிர்காலம் உண்டு. அதுவே ஆண்டிறுதி மழைக்காலம்.

அந்த மழைக்காலத்தைத் தோட்ட மக்கள் மகிழ்ச்சியோடு வரவேற்றதில்லை. ரப்பர் மரத்தின் பட்டை நனைந்திருந்தால் மரம் வெட்ட முடியாது. வெட்டிய பின் மழை வந்தாலோ, பால் கோட்டை விட்டு வழிந்து மங்கில் சேராமல் மண்ணில் கலந்துவிடும். ஆகவே விடியற்காலையில் பெரட்டுக்குச் செல்லும்போதே பெரியவர்கள் வானத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். காற்று எப்பக்கம் வீசுகிறது, மேகம் எந்த மலைமேல் தங்கியிருக்கிறது என்று கவனிப்பார்கள். அன்றைய வருமானம் அந்த வானத்தில்தான் எழுதப்பட்டிருந்தது.

1984ஆம் ஆண்டு, லிங்கி ஆற்றுப் பக்கத்துத் தோட்டமொன்றின் தமிழ்ப்பள்ளியில் நான் ஆசிரியராகப் பணியாற்றினேன். நவம்பர் இறுதி விடுமுறையில் மாணவர்களை ஜெராம் தோய் அருவிக்கு அழைத்துச் செல்வதெனப் பெற்றோரும் ஆசிரியரும் கூடி முடிவு செய்தோம். ஆளுக்குச் சிறு தொகை திரட்டிப் பேருந்து ஒன்றை வாடகைக்கு அமர்த்தினோம். மாணவர் முப்பத்தொருவர், துணைக்குப் பெற்றோர் சிலர். எழுபது வயதைக் கடந்த பாட்டி ஒருவரும் தம் பேரனோடு வந்தார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் காண்டாவில் பால் வாளி சுமந்த தோள் அவருடையது. ஒரே நாளில் போய்வரும் தொலைவில் உள்ள அந்த அருவியை அவர் அதுவரை கண்டதில்லை. "என் அப்பா குற்றாலத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர். அருவியைப் பற்றிக் கதை கதையாகச் சொல்லுவார். நான் ஒரு அருவியையாவது கண்ணால் பார்த்துவிடுகிறேன், வாத்தியாரையா" என்றார்.

சிரம்பானிலிருந்து குவாலா கிளாவாங்கிற்குச் செல்லும் மலைச்சாலை வளைந்து வளைந்து புக்கிட் தங்கா கணவாயின்மேல் ஏறுகிறது. முதலில் கணவாயின் உச்சி வரை சென்று, பின்னர் அருவிக்கு வருவது எங்கள் ஏற்பாடு. முந்திய இரவு பெய்த மழையால் சாலை பளபளத்தது. உதிர்ந்த இலைகள் தாரில் ஒட்டிக் கிடந்தன. உயரே செல்லச் செல்ல மூடுபனி இறங்கி வந்தது. ஓட்டுநர் விளக்கைப் போட்டு, ஒவ்வொரு வளைவிலும் ஒலியெழுப்பி, ஆமை வேகத்தில் ஓட்டினார். சன்னலுக்கு வெளியே பெருமரங்கள் நிழலாகத் தோன்றி மறைந்தன. "சார், இதுதான் பனியா?" என்று கேட்டு, ஒரு சிறுமி கையை வெளியே நீட்ட முயன்றாள். கையை உள்ளே வைத்துக்கொள்ளச் சொல்லி, நிலத்திற்கு இறங்கிவந்த மேகமே மூடுபனி என்று விளக்கினேன்.

உச்சியில் சற்றுநேரம் நின்றோம். அவ்விடத்தின் சிறப்பை மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். மலைத்தொடரின் மேற்குச் சரிவில் விழும் மழை லிங்கி ஆற்றின் வழியாக மலாக்கா நீரிணைக்குச் செல்கிறது. ஜெலெபு பக்கம் விழும் மழையோ திரியாங் ஆற்றில் இறங்கி, பகாங் ஆற்றோடு கலந்து, தென்சீனக் கடலை அடைகிறது. அருகருகே விழும் இரண்டு துளிகள் இரு வேறு கடல்களுக்குப் பிரிந்து போகின்றன! மேலும், மலைகள் சூழ்ந்து மழைக்காற்றைத் தடுப்பதால், ஜெலெபு வட்டாரம் தீபகற்பத்திலேயே மழை மிகக் குறைந்த இடங்களுள் ஒன்றாகும். அங்கே ஆண்டுக்குச் சுமார் 1,650 மில்லிமீட்டர் மழைதான் பெய்கிறது. பேராக் மாநிலத்துப் புக்கிட் லாருட்டில் பெய்வது இதைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகம்.

பகல் பதினொரு மணியளவில் அருவியை அடைந்தோம். 'ஜெராம்' என்னும் மலாய்ச் சொல், பாறைகளில் விழுந்து பாயும் நீரைக் குறிக்கும். பெயருக்கேற்பத் தண்ணீர் பாறைக்குப் பாறை தாவி இறங்கியது. பாட்டி நெடுநேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரு கைகளாலும் நீரை அள்ளி முகத்தில் ஒற்றிக்கொண்டார். மாணவர்கள் ஆழமில்லாத ஓரத்தில் இறங்கி விளையாடினர். நடுவிலிருந்த தட்டையான பாறையில் அமர்ந்து புளிச்சோறும் அவித்த முட்டையும் உண்டோம். மூடுபனி விலகி, தலைக்கு மேலே வெயிலும் அடித்தது.

உண்டு முடித்த சிறிது நேரத்தில் பாட்டி என்னருகே வந்தார். "வாத்தியாரையா, பிள்ளைகளைக் கரையேற்றுங்கள். தண்ணீரின் நிறம் மாறுகிறது" என்றார். உற்றுப் பார்த்தேன். சற்றுமுன் அடிக்கல் தெரிய ஓடிய நீர் தேநீர் போல் கலங்கத் தொடங்கியிருந்தது. காய்ந்த இலைகளும் சுள்ளிகளும் மிதந்து வந்தன. "வெயில் அடிக்கிறதே, ஆயா!" என்று தந்தை ஒருவர் சிரித்தார். பாட்டி மலைமுகட்டைச் சுட்டிக் காட்டினார். அங்கே மேகம் கறுத்துத் தொங்கியது. "இங்கே வெயில். அங்கே மழை, தம்பி" என்றார்.

உடனே ஊதலை ஊதினேன். மாணவர்களைக் கரையேற்றி, உயரமான இடத்தில் நிறுத்தி, இருமுறை எண்ணினோம். முப்பத்தொருவரும் இருந்தனர். மிதியடியை எடுக்கத் திரும்பி ஓட முயன்ற தம் பேரனின் கையைப் பாட்டி இறுகப் பற்றிக்கொண்டார். "செருப்பு போனால் கடையில் வாங்கலாம்" என்றார். பத்து நிமிடம்கூட ஆகியிராது. இரைச்சலோடு செந்நீர் இறங்கி வந்தது. நாங்கள் அமர்ந்து உண்ட பாறை கண்ணெதிரே மூழ்கியது. பெரிய மரக்கட்டை ஒன்று அதன்மேல் புரண்டு சென்றது. சிரித்த தந்தை பாட்டியின் முன் கைகூப்பி நின்றார்.

இதனை மலாய் மொழியில் 'கெப்பாலா ஆயர்' என்பர். நீரின் தலை என்பது பொருள். மலையுச்சியில் கொட்டும் மழை, பல சிற்றோடைகளிலிருந்து ஒரே குறுகிய பள்ளத்தாக்கில் திரண்டு, திடீரெனக் கீழே பாய்கிறது. இலையும் கட்டையும் அடைத்து நிறுத்திய நீர் உடைத்துக்கொண்டு வந்தால் அதன் வேகம் இன்னும் கூடும். கீழே இருப்பவருக்கு ஒரு துளி மழையும் தெரியாமலே வெள்ளம் வரலாம். நீர் கலங்குதல், இலை சுள்ளிகள் மிதந்து வருதல், நீர்மட்டம் உயர்தல், மேலே இரைச்சல் கேட்டல் ஆகியவை அதன் அறிகுறிகள். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் பொருள்களை எடுக்க நில்லாமல் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும்.

திரும்பும் வழியில் பாட்டியிடம், "இதை எங்கே கற்றீர்கள்?" என்று கேட்டேன். "மழை எத்தனையோ நாள் என் கூலியைக் கொண்டுபோயிருக்கிறது, ஐயா. அது எங்கே நிற்கிறது, எப்போது வரும் என்று பார்த்துப் பார்த்தே பழகிவிட்டேன். எங்கள் தோட்டத்து ஆறும் மலையில் மழை பெய்தால் இப்படித்தான் நிறம் மாறும்" என்றார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆயினும் அன்று எங்கள் அனைவருக்கும் ஆசிரியராக இருந்தவர் அவரே.

இன்று நெகிரி செம்பிலானின் ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைத் தோட்டங்களாக மாறிவிட்டன. தோட்டத்தில் பிறந்தோர் பலர் நகரங்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். வானத்தைப் பார்த்து வாழ்ந்த தலைமுறையினர் நம்மிடையே சிலரே எஞ்சியுள்ளனர். மாணவச் செல்வங்களே, உங்கள் தாத்தா பாட்டியரின் அருகில் அமருங்கள். மரம் வெட்டிய கதையையும் மழை பார்த்த கதையையும் கேட்டு, உங்கள் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். பெற்றோர்களே, ஆண்டில் ஒரு நாளேனும் பிள்ளைகளை மலைக்கும் அருவிக்கும் அழைத்துச் செல்லுங்கள். அப்போது வீட்டிலுள்ள முதியவர்களையும் மறவாமல் உடன் அழைத்துச் செல்லுங்கள்.