அசகான் பக்கம் ஒரு மாலை நடை

மலாக்கா என்றதும் வெளியூர்க்காரர்கள் நேரே நகருக்குத்தான் போகிறார்கள். 1511-இல் நகரைப் பிடித்த போர்த்துக்கீசியர் கட்டிய கோட்டையின் எஞ்சிய வாசல், 1753-இல் டச்சுக்காரர் கட்டி முடித்த சிவப்புத் தேவாலயம், ஒரு கிண்ணம் செண்டோல், அவ்வளவோடு பஸ் ஏறிவிடுகிறார்கள். வாசகர்களே, நீங்கள் என்னோடு வேறு பக்கம் வாருங்கள். ஜாசின் மாவட்டத்தின் ஓரத்தில், ஜொகூர் எல்லையை ஒட்டி அசகான் என்றொரு சிற்றூர் இருக்கிறது. மாலை ஐந்தரைக்கு அந்தப் பக்கத்துத் தோட்டச் சடக்கில் நடக்க வேண்டும். அதற்கு முன்னால் வெயில் பிளந்துவிடும். ஏழேகாலுக்கெல்லாம் இருட்டு வந்துவிடும்.

உடன் வருபவர் என் நண்பர். வயதில் மூத்தவர் என்பதால் நான் அண்ணே என்பேன், அவர் தம்பி என்பார். முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். நடையில் இன்னும் அந்த வேகம் இருக்கிறது. நிரை பிடித்து மரத்துக்கு மரம் ஓடிய கால்கள் அல்லவா! நமக்குத்தான் மூச்சு வாங்குகிறது.

செம்மண் சடக்கில் ஏறியதும் கிழக்கே லேடாங் மலை நிற்கிறது. உயரம் 1,276 மீட்டர். மேற்கே இறங்கும் சூரியன் மலையின் முகத்தில் நேராக விழுவதால், காலையில் நீலப் புகைபோல் கிடக்கும் மலை மாலையில்தான் மடிப்பு மடிப்பாகத் துலங்குகிறது. இந்த மலையைப் பார்க்க இதைவிட நல்ல நேரம் இல்லை என்பது என் கட்சி.

மலை இளவரசியின் கதையைப் பிள்ளைகள் பள்ளியில் படித்திருப்பார்கள். பெண் கேட்ட சுல்தானிடம் தங்கப் பாலம், வெள்ளிப் பாலம், ஏழு தட்டு கொசு ஈரல், ஏழு ஜாடி கண்ணீர் என்று சீதனம் கேட்டாளாம். கடைசியில் அவர் மகனின் இரத்தத்தையும் கேட்டாளாம். நான் சொல்லச் சொல்ல அண்ணன் சிரித்தார்.

"ஏழு ஜாடி கண்ணீருக்கா ராஜா அலைஞ்சாரு? நம்ம லயத்துப் பக்கம் வந்திருந்தா ஒரு வீட்டுலேயே நெறைஞ்சிருக்குமே தம்பி!"

சடக்கின் இரு பக்கமும் இப்போது செம்பனைதான். ஆனால் இந்த நாட்டு ரப்பர்த் தோட்டத்தின் கதை தொடங்கியது இந்த மாநிலத்தில்தான். சிங்கப்பூர்ப் பூங்காவின் தலைவராயிருந்த ரிட்லி, ரப்பர் விதைகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, நடுங்கள் நடுங்கள் என்று தோட்டக்காரர்களிடம் கெஞ்சினார். பைத்தியக்கார ரிட்லி என்று கேலிப் பெயர்தான் கிடைத்தது. அவர் பேச்சைக் கேட்டவர் மலாக்காவின் டான் சே யான். 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் நட்டுப் பார்த்தார். அது பிடித்துக்கொண்டதும் இந்தப் புக்கிட் அசகானில் ஏறக்குறைய 3,000 ஏக்கருக்குப் போனார். பிறகு நல்ல லாபத்துக்கு வெள்ளைக்காரக் கம்பெனிக்கு விற்றார். அவர் மகன் உருவாக்கிய ஆர்க்கிட் பூ ஒன்றுக்கு அவர் பெயரே வைக்கப்பட்டிருக்கிறது. அழகான பூ. மரத்தை வெட்டியவர்கள் பெயரில் பூ ஏதும் இருப்பதாக நான் கேள்விப்படவில்லை.

ரப்பர் விலை ஏற ஏறக் கங்காணிமார் கடல் தாண்டி ஆள் கட்டினார்கள். அண்ணனின் தாத்தா, நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர். தம்பியையும் கூட்டி வந்தார். 1942-இல் ஜப்பான்காரன் வந்தான். சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட ஆள் பிடித்தான். தம்பிக்காரர் லோரி ஏறினார். வேலை முடிந்ததும் சம்பளத்தோடு திரும்பலாம் என்று சொன்னார்களாம். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. அவர் வரவில்லை, ஒரு காகிதமும் வரவில்லை. அதே காலத்தில் தம்பினிலிருந்து மலாக்கா நகருக்கு ஓடிய ரயில் பாதையின் தண்டவாளத்தையும் ஜப்பான்காரன் கழற்றிக்கொண்டு போய்விட்டான். போர் முடிந்தும் அது திரும்பப் போடப்படவே இல்லை. மலாக்கா நகருக்கு இன்றைக்கும் ரயில் கிடையாது. புலாவ் செபாங்கில் இறங்கித்தான் பஸ் பிடிக்க வேண்டும்.

இதைச் சொல்லும்போது அண்ணன் நடையை நிறுத்தவில்லை. "தாத்தா சாகிற வரைக்கும் வாசக்கதவைத் தாழ்ப்பாள் போடமாட்டாரு" என்று மட்டும் சொன்னார்.

செம்பனைக்குள் நுழைந்தால் வெளிச்சம் சட்டென்று குறைந்துவிடும். பால்மரக் காட்டில் இப்படி இருக்காது. பிப்ரவரி, மார்ச்சில் இலை சிவந்து உதிர்ந்து வானம் தெரியும். விதை வெடிக்கும் பருவத்தில் பட்பட்டென்று தலைமேல் சத்தம் கேட்கும், பிள்ளைகள் பொறுக்கி விளையாடுவார்கள். செம்பனைக்கு அந்த விளையாட்டெல்லாம் இல்லை. நட்டு மூன்று வருடத்தில் காய்க்கும், இருபத்தைந்து வருடத்தில் சாய்த்துவிடுவார்கள். ஒரு நல்ல காட்சி உண்டு. கம்பத்தின்மேல் மரப்பெட்டி வைத்துக் கூகை வளர்க்கும் தோட்டங்கள் இருக்கின்றன. பழத்தைத் தின்னும் எலியைப் பிடிக்கத்தான். இருட்டும் நேரத்தில் வெள்ளை முகத்தோடு அது பறப்பதைப் பார்த்துப் பேய் என்று ஓடிவிடாதீர்கள்.

அண்ணன் வந்தது நடைக்காக மட்டுமல்ல. பழைய பால்மர எல்லையில் ஒரு முனியாண்டி கோயில் இருக்கிறது. தகரக் கூரை, ஒரு சூலம், ஓர் அகல்விளக்கு. பிரட்டுக்களத்துக்குப் போகுமுன் எல்லாரும் கும்பிட்ட இடம். அந்தத் தோட்டத்தில் நம்மவர் வீடு இப்போது நான்குதான். பழம் வெட்டுவோர் பெரும்பாலும் இந்தோனேசியர், வங்காளதேசத்தார். லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொல்லியாயிற்று. ஜொகூர் பாருவில் இருக்கும் மகன், அடுக்குமாடியில் அறை தயார் என்று மாதா மாதம் கூப்பிடுகிறான்.

"போகலாம் தம்பி. பேரப்பிள்ளைங்க இருக்கு. ஆனா சாயங்காலம் இந்த வெளக்கை யாரு ஏத்துறது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. 1960-இல் துன் சம்பந்தன், துண்டாடப்படும் தோட்டங்களை நாமே வாங்குவோம் என்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர் மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு சேர்த்தார்கள். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் கைக்கு வந்தது. அண்ணனின் அப்பாவும் பங்கு கட்டியவர். ஆனால் அவர் வாழ்ந்த தோட்டத்தை யாரோ வாங்கினார்கள், யாரோ விற்றார்கள். கோயில் நிலமும் கணக்கில் அந்தத் தோட்டத்து நிலம்தான்.

அண்ணன் எண்ணெய் ஊற்றித் திரியைத் தூண்டினார். நானும் கும்பிட்டேன். பக்கத்து வரிசையில் கைவண்டி தள்ளி வந்த வங்காளதேசத்துப் பையன் ஒருவன் நின்று, "பாக்சிக், நாளைக்கு மழை வந்தால் நான் கூரையைப் பார்த்துக்கொள்கிறேன்" என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனான். தகரத்தில் ஓட்டை விழுந்திருப்பதை அவன்தான் முதலில் பார்த்தானாம்.

நீங்கள் போவதாக இருந்தால் மழைக்குப் பிறகு வேண்டாம், செம்மண் வழுக்கும். கைவிளக்கு எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்து ஆபீசில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நுழைவது நல்லது. ஆடித் திருவிழாவுக்கு வெளியேறிப் போன குடும்பங்கள் எல்லாம் வரும், அப்போது வழி கேட்கவே வேண்டாம். மற்ற நாட்களில் போகிறவர்கள் ஒரு போத்தல் நல்லெண்ணெயும் ஒரு பொட்டலம் கற்பூரமும் கொண்டுபோனால் அண்ணனுக்கு உதவியாக இருக்கும். அசகான் கடைகள் சீக்கிரம் சாத்திவிடுகின்றன, ஜாசினிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.