எட்டாவது சர்வர்

அடியே வாயாடி,

உன்னை ரிலீஸ் டீமுக்கு மாத்திட்டாங்களாமே! இதை நான் உன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணுமா? சரி, அந்தச் சண்டையை நேர்ல வச்சுக்கலாம். இப்போ வம்பு.

எங்க ஆபீஸ்லயும் அதே கூத்துதான். இத்தனை நாளும் ரிலீஸ்னா ஒரே ஒரு அண்ணன். எந்த சர்வரை முதல்ல நிறுத்தணும், எந்த ஃபைலை எங்க போடணும், எல்லாம் அவர் மண்டைக்குள்ள. தங்கச்சி கல்யாணத்துக்கு அவர் ஊருக்குப் போனார், ரிலீஸ் அப்படியே நின்னுபோச்சு. அப்பத்தான் மேலிடத்துக்கு ஞானம் பிறந்தது: "டூல் கட்டுங்க." மேனேஜர் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? டெப்ளாய் பட்டன் பச்சையா, நீலமா?

பட்டன் கிடக்கட்டும். நைட் கேப்பிட்டல் கதை உனக்குத் தெரியுமோ? அமெரிக்கப் பங்கு வர்த்தகத்துல பெரிய கை. 2012 ஆகஸ்ட் 1, நியூயார்க் பங்குச்சந்தையில ஒரு புதுத் திட்டம் தொடங்குது. அதுக்கான கோடை எட்டு சர்வர்ல ஏத்தணும். ஏத்தினவர் ஏழுல ஏத்திட்டு ஒண்ணை விட்டுட்டார். இன்னொருத்தர் பார்த்துச் சரின்னு சொல்லணும்னு அங்க விதியே கிடையாது. பத்திரிகை வைக்கப் போய் ஒரு பெரியப்பா வீட்டை விட்டுட்டா கல்யாண மண்டபத்துல என்ன நடக்கும்? அதேதான் நடந்தது. 2003-லயே ஓரங்கட்டின 'பவர் பெக்'ங்கற பழைய கோட் அழிக்கப்படாம அந்த சர்வர்ல கிடந்தது. புது வேலைக்குத் தனியா ஃபிளாக், அதாவது ஆன்-ஆஃப் சுவிட்ச், வைக்காம, பழசை எழுப்புற அதே ஃபிளாகையே எடுத்து மாட்டியிருந்தாங்க. சந்தை திறந்ததும் எட்டாவது சர்வர் முழிச்சுக்கிட்டு, ஆர்டர் முடிஞ்சதா இல்லையான்னே எண்ணாம மேல மேல அனுப்பித் தள்ளுது. வாடிக்கையாளர் கொடுத்தது 212 ஆர்டர். சுமார் 45 நிமிஷத்துல நடந்த வர்த்தகம் 40 லட்சத்துக்கு மேல. நஷ்டம் 46 கோடி டாலரைத் தாண்டிடுச்சு.

இதுல ருசியான இடம் இனிமேதான். சந்தை திறக்கறதுக்கு முன்னாடியே அவங்க சிஸ்டம் 'பவர் பெக்' பேரைச் சொல்லி 97 மெயில் அனுப்பியிருக்கு. ஒருத்தரும் கண்டுக்கல. (நீயும் நானும் அந்த மாதிரி மெயிலை எந்த ஃபோல்டருக்குத் தள்ளுவோம்னு தெரியாதா என்ன?) அப்புறம் பதறிப்போய், பழசுக்கே திரும்பிடலாம்னு ஒழுங்கா இருந்த ஏழு சர்வர்லேர்ந்தும் புது கோடை உருவிட்டாங்க. அவ்வளவுதான், எட்டு பேருமே பெரியப்பா! அடுத்த வருஷம் கம்பெனி கெட்கோங்கற போட்டியாளரோட இணைஞ்சு, தனிக்கடைங்கறதே இல்லாம போச்சு. அமெரிக்கப் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் போட்ட அபராதம் 1.2 கோடி டாலர் தனி.

அதனால, டூல் வேகத்துக்குத்தான்னு யாராவது சொன்னா எனக்கு எரிச்சல் வருது. ஏத்தறதை எந்த ஸ்கிரிப்டும் செஞ்சுடும். ஏத்தினப்புறம் ஒவ்வொரு சர்வரையும் கூப்பிட்டு "உன்கிட்ட எந்த வெர்ஷன்?"னு கேட்டு, ஒண்ணு பிசகினாலும் ஃபிளாகைத் தொடவிடாம தடுக்கணும், அதுக்குத்தான் டூல். பில்ட் ஒரே தடவைதான். டெஸ்ட்ல ஓடின அதே ஃபைல்தான் ப்ரொடக்ஷனுக்கும் போகணும். நான் இதுக்காக மீட்டிங்ல கத்தினதுல எனக்கு 'ஹெட்மிஸ்டிரஸ்'னு பேர் வச்சிருக்காங்க. வச்சுக்கட்டும்.

ஆட்டோமேஷன் வந்துட்டா எல்லாம் சுபம்னும் நினைக்காதே. 2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கா? கிரவுட்ஸ்டிரைக்ங்கற பாதுகாப்பு மென்பொருள் கம்பெனி அனுப்பின ஒரு அப்டேட்ல உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர் நீலத்திரை காட்டுச்சே. நம்ம ஏர்போர்ட்ல போர்டிங் பாஸைக் கையால எழுதிக் கொடுத்தாங்க. அங்க சர்வர் எதுவும் விட்டுப்போகல. சோதிக்கிற டூல்லயே பிழை இருந்ததால தப்பான ஃபைல் தேறிடுச்சு. கொஞ்சம் பேருக்கு மட்டும் அனுப்பிப் பார்ப்போம்ங்கற படியே இல்லாம எல்லாருக்கும் ஒரே நேரத்துல போயிடுச்சு.

ஒரு குட்டி வம்பு: நீ தினமும் திட்டற ஜென்கின்ஸ்ங்கற பில்ட் டூல் இருக்கே, அதை எழுதின கோசுகே கவாகுச்சி சன் மைக்ரோசிஸ்டம்ஸ்ல வேலை பார்த்தவர். அவர் கோடு அடிக்கடி பில்டை உடைச்சு டீம்ல திட்டு வாங்கினாராம். திட்டுலேர்ந்து தப்பிக்கத்தான் 2004-ல எழுத ஆரம்பிச்சார். அப்போ பேர் ஹட்சன். சன்னை ஆரக்கிள் வாங்கினப்புறம் பேர் யாருக்குன்னு சண்டை, 2011-ல பேரை மாத்திக்கிட்டுக் கிளம்பிட்டாங்க.

நீ ஒண்ணு பண்ணு. திங்கள்கிழமை போனதும் உங்க ரோல்பேக்கை யாராவது நிஜமா ஓட்டிப் பார்த்திருக்காங்களான்னு கேளு. "டாக்குமெண்ட்ல இருக்கு"ன்னு பதில் வந்தா, ஓட்டிக் காட்டற வரைக்கும் எந்த ரிலீஸுக்கும் கையெழுத்துப் போடாதே.

உன்
ஹெட்மிஸ்டிரஸ்