ஆதிரையின் முதற்பிடி

அமுதசுரபி அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் என்பதை யாவரும் அறிவர். அது வெறுங்கலமாகவே மணிமேகலையின் கைக்கு வந்தது என்பதையும், ஆதிரை என்னும் இல்லத்தரசி தன் மனையில் முதற்பிச்சை இட்ட பின்னரே அதில் உணவு சுரந்தது என்பதையும் ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லி வருகின்றோம். சொல்லும்போதெல்லாம் எம் கண்முன் தோன்றுவது புகார் நகரம் அன்று. கொள்ளிடத்தின் வடகரையில் யாம் பயின்ற ஓட்டுக்கூரைத் தொடக்கப்பள்ளியின் சமையற்கொட்டகையே.

பள்ளியில் சோறிடும் வழக்கம் பெருந்தலைவர் காமராசர் காலத்திலேயே, 1956இல், தமிழகமெங்கும் பரவத் தொடங்கியது. அதில் அரசின் பங்கோடு ஊராரின் பங்கும் இருந்தது. பின்னர் 1982 ஜூலை முதல் நாள், முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அவர்கள் நம் திருச்சி மாவட்டத்துப் பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார்கள். யாம் அப்பொழுது நான்காம் வகுப்பில் இருந்தோம்.

அரிசியும் பருப்பும் எண்ணெயும் அரசு தந்தது. காய்கறிக்கு ஒதுக்கிய தொகையோ சிறிது. முதல் சில நாள் குழம்பு வெளுத்தே இருந்தது. சமைக்க வந்த அம்மையார் கணவரை இழந்தவர். ஆதரவற்ற பெண்டிர்க்கு அப்பணியில் முன்னுரிமை தரப்பட்டிருந்தது. அவர் ஒருநாள் எம் வீட்டு வாசலில் நின்று, "கொஞ்சம் கீரை ஒடிச்சுக்கிறேன்மா" என்றார். எம் தாயார் முருங்கையில் ஒரு கிளையையே முறித்துத் தந்தார்கள். மறுவாரம் அடுத்த வீட்டிலிருந்து பூசணி வந்தது. வாழைக்கொல்லைக்காரர் தண்டும் பூவும் அனுப்பினார். சிறு மளிகைக்கடை வைத்திருந்த எம் அத்தா புளியும் மிளகாயும் கொடுத்தார்கள். "இதையும் பேரேட்டில் எழுதவா?" என்று யாம் கேட்டபோது, "ஊர்ப் பிள்ளைகள் சாப்பாட்டுக்குக் கணக்கெழுதக் கூடாது தம்பி" என்று சொன்னது இன்றும் செவியில் உள்ளது. முருங்கைக்கீரையில் இரும்புச்சத்து உண்டு, மாலைக்கண் நோயைத் தடுக்கும் உயிர்ச்சத்தும் உண்டு என்பதெல்லாம் பின்னாளில் படித்தறிந்தவை. அன்று அது வேலியோரத்தில் கிடைத்த கீரை, அவ்வளவே.

எம்மருகில் அமர்ந்து உண்டவன் ஒரு தோழன். அவன் பெயர் ஈண்டு வேண்டா. அவன் பள்ளிக்கு வந்ததே அந்தத் தட்டுக்காகத்தான் என்பதை அவனே சொல்வான், நாணமாட்டான். அத்திட்டம் அப்பொழுது ஒன்பது அகவை வரையிலான பிள்ளைகளுக்கே உரியது. சமையல் அம்மையார் அகவை பார்க்காமல் ஐந்தாம் வகுப்பு முடியும்வரை அவனுக்கு அள்ளி வைத்தார். 1984 ஜூனில் இருவரும் அடுத்த ஊரில் ஆறாம் வகுப்புச் சேர்ந்தோம். அங்கே உணவு இல்லை. எம்மிடம் தூக்குச்சட்டி இருந்தது. அவன் நண்பகலில் குழாயடிக்குப் போய் வருவான். சட்டியில் இருவர்க்கும் போதுமான சோறு இருந்தது. பகிர்ந்துண்ண எமக்குத் தோன்றவில்லையா, தோன்றியும் கூசி இருந்துவிட்டோமா என்பதை இன்றளவும் எம்மால் தெளிய இயலவில்லை. மூன்று வாரத்தில் அவன் நின்றுவிட்டான். கொள்ளிடப் பாலத்தைக் கடந்து, திருவரங்கத் தீவின் வாழைத்தோட்டங்களில் தார் சுமக்கப் போனான். அவ்வாண்டு செப்டம்பரிலேயே திட்டம் பதினைந்து அகவை வரை விரிந்தது. எம் பள்ளியிலும் உலை ஏறியது. கூலிக்குப் பழகிய அவன் திரும்பவில்லை.

அண்மையில் நாட்டு நலப்பணித் திட்ட மாணவரோடு அதே ஊருக்குச் சென்றோம். 2022இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அங்கும் நடைபெறுகின்றது. மகளிர் சுயஉதவிக் குழுவினர் சமைக்கின்றனர். தம் பிள்ளையும் அப்பள்ளியிலேயே பயிலும் தாய்மார் அவர்கள். தன் பிள்ளை உண்ணும் உப்புமாவில் எந்தத் தாய் காய்கறியைக் குறைப்பாள்! நண்பகல் உணவில் முட்டை உண்டு. முட்டை உண்ணாதார்க்கு வாழைப்பழம்.

வாழைக்கென்றே தேசிய ஆராய்ச்சி மையம் 1993இல் அமைந்த ஊர் திருச்சி. பூவனும் ரஸ்தாளியும் கற்பூரவல்லியும் விளையும் மண் இது. எனினும் தார் வெட்டுவோரின் பிள்ளைகள் நல்ல பழம் உண்பது திருநாளில்தான். விளைந்தது மண்டிக்குப் போய்விடும்.

அன்று பள்ளி வாசலில் மிதிவண்டியிலிருந்து ஒரு பூவன் தாரை இறக்கிக்கொண்டிருந்தவரை உற்று நோக்கினோம். அவரே. இப்பொழுது குத்தகைக்கு ஓர் ஏக்கர் வாழை வைத்திருக்கிறாராம். வாரந்தோறும் ஒரு தார் பள்ளிக்குத் தருகிறார் என்று தலைமையாசிரியர் கூறினார்.

"முட்டை திங்காத புள்ளைக்கு மட்டும் பழம் குடுத்தா, மத்ததுங்க வாயப் பாத்துக்கிட்டு நிக்குமே, பாய்" என்றார், எம்மை அடையாளம் கண்டு சிரித்தபடி.

தூக்குச்சட்டியைப் பற்றி யாம் வாய் திறக்கவில்லை. சீப்பிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்து நீட்டினார். வாங்கிக்கொண்டோம்.