திட்டி அழுகிற மகள்கள்

திங்கள்

நம் மேடைகளில் அநேகமாக ஒரே ஒரு தாய்தான் வருகிறாள். கையில் மகனின் படம், முகமெல்லாம் கண்ணீர். 2006 ஜனவரி 2ஆம் திகதி எங்கள் திருகோணமலை நகரக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களைக் கேட்டுத் தாய்மார் ஆண்டுக்கணக்காகத் தெருவில் நிற்கிறார்கள். இப்படியொரு ஊரில் அந்தத் தாயை மேடையேற்றுவது கடமை. ஆனால் அவளுக்கு ஒரு மகளும் இருந்தாள். அம்மா அண்ணனைத் தேடி முகாம் முகாமாக அலைந்த காலத்தில் உலை வைத்து, தம்பியைப் பள்ளிக்கூடம் அனுப்பிய பிள்ளை அவள். “நான் ஒருத்தி வீட்டில இருக்கிறன் எண்டதே அம்மாவுக்கு மறந்து போச்சு ரீச்சர்” என்று இன்று எங்கள் பெண்கள் நாடகக் குழுவின் ஒத்திகையில் ஒருத்தி சொன்னாள். நாடகத்தின் முதல் வசனம் கிடைத்துவிட்டது.

செவ்வாய்

ஒத்திகை மண்டபம் உட்துறைமுகத்துக்குப் பக்கம். மூதூர், கிண்ணியாப் பெண்கள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பதால் நாலு மணிக்கே முடித்தோம். முன்பு படகுக்குக் காத்திருந்த பயணம் இது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்ததிலிருந்துதான் இரண்டு கரைப் பெண்களும் ஒரே ஒத்திகைக்கு வர முடிகிறது.

இரவு முழுக்க வீட்டைப் பற்றியே யோசித்தேன். கிழக்குக் கரையில் வீடு மகளுக்குச் சீதனம். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீட்டை எழுதிக் கொடுத்த தாய் அதே வளவில் பின்பக்கம் ஒரு குசினியோடு ஒதுங்கிக்கொள்வாள். தமிழ்நாட்டு ஒப்பாரிகளில் மகள் புருஷன் ஊரிலிருந்து ஓடி வருவாள். பிறந்த வீட்டு வாசல் இனித் தனக்குத் திறக்குமா, அண்ணன் பெண்டாட்டி முகம் கொடுப்பாளா என்று அழுவாள். இங்கே மகள் எங்கிருந்தும் ஓடி வர வேண்டியதில்லை. ஒரே கிணற்றில் தாயோடு ஆயுள் முழுக்கத் தண்ணீர் அள்ளியவள் அவள். அந்தப் பாசமும் அந்தப் பிணக்கும் ஒரு நாளும் வளவை விட்டு வெளியே போனதில்லை.

போரும் 2004 டிசம்பர் 26இல் வந்த கடலும் அந்த வளவுகளைச் சிதைத்தன. வீடு இல்லாமல் மகளுக்குக் கலியாணம் இல்லை. வீடு கட்டக் காசு எங்கே? தாய் வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போனாள். கல் வீடு எழும்பியது. மகள் அம்மம்மாவிடமோ உம்மம்மாவிடமோ வளர்ந்தாள். பத்து வருஷம் கழித்து இருவரும் அந்தப் புதிய வீட்டுக்குள் யாரோ போல நின்றார்கள். எங்கள் குழுவில் இது ஒருத்தியின் கதை மட்டும் இல்லை.

புதன்

மூதூர் என்றதும் றிசானாவைப் பற்றி நாடகம் போடலாமே என்று பார்க்க வந்த ஒருவர் கேட்டார். மூதூரிலிருந்து, பிறப்புச் சான்றிதழின்படி 17 வயதில், வீட்டு வேலைக்குச் சவூதி போன பிள்ளை அவள். 2013 ஜனவரி 9ஆம் திகதி அங்கே அவளுக்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. மறுத்துவிட்டேன். பெற்றவர்களின் துயரத்தை அவர்கள் சொல்லாமல் நாங்கள் எடுத்து மேடையேற்றக் கூடாது. அதே 2013இல் அரசு ஒரு விதி போட்டது: ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் வீட்டு வேலைக்கு வெளிநாடு போக முடியாது என்றது அது. பிள்ளைக்கு என்ன வயது என்பது தாயிடம் மட்டும் கேட்கப்பட்ட கேள்வி. வெளிநாடு போகிற தகப்பனிடம் எந்தப் படிவமும் அதைக் கேட்கவில்லை. இந்தக் கோபம் நாடகத்துக்குள் வந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் விட்டுப் போன தாய் என்ற பழி முழுதும் அவள் தலையில் விழும்.

வெள்ளி

நாடகாசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கத்தின் பிரதிகளைத் திரும்ப எடுத்தேன். 2025 ஜனவரியில் அவர் போய்விட்டார். போர் மனங்களுக்குள் செய்த காயத்தை நம் அரங்கில் நேராகத் தொட்டது ‘அன்னை இட்ட தீ’. பிள்ளைகள் கடல் கடந்தபின் தனித்துப்போன பெற்றோரைச் சொன்னது ‘எந்தையும் தாயும்’. அன்னை இட்ட தீ என்ற தலைப்பு, தாயின் சிதைக்குத் தீ வைத்தபோது பட்டினத்தார் பாடியதாகச் சொல்லப்படும் பாட்டிலிருந்து வருவது. அது மகன் பாடுகிற பாட்டு. சைவ வீடுகளில் மகள் சுடலைக்குப் போவதில்லை. பாடை படலையைத் தாண்டியதும் பெண்கள் திரும்பி உள்ளே வந்துவிட வேண்டும். மகளுக்குக் கிடைத்த மேடை முற்றம் மட்டும்தான். அங்கே அவள் தலைவிரித்து, மற்றப் பெண்களின் தோளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். ‘எனக்குத் தராமல் போனாயே, என்னைக் கேட்காமல் போனாயே’ என்று செத்தவளோடு சண்டை பிடிக்கவும் ஒப்பாரியில் இடம் இருந்தது. யாரும் அதைத் தவறாக எடுக்கவில்லை. இப்போது செத்தவீட்டில் ஒலிபெருக்கியில் சிவபுராணம் போகிறது. மகள் கதிரையில் மௌனமாக இருக்கிறாள். அந்தச் சண்டையை எங்கே கொண்டுபோய்ப் பிடிப்பாள்?

கிண்ணியாவிலிருந்து வரும் தங்கச்சி சொன்னாள்: “எங்கட வீட்டில ஓலமிட்டு அழக் கூடாது. உம்மாவுக்கு மூண்டு நாள்தான் துக்கம். ஆனா நாலாம் நாளும் எனக்கு உம்மாவோட கதைக்கத்தான் இருந்திச்சு.” நாடகத்தில் அவளுக்கு ஒப்பாரி இல்லை. உம்மாவின் அலுமாரியைத் துடைத்துக்கொண்டே கதைக்கிறாள். அதை அவளே அமைத்தாள். எந்த நெறியாளரும் அதைவிட நன்றாகச் செய்திருக்க முடியாது.

சனி

எங்களிடம் ஒரு கட்டாய விதி உண்டு: எவரும் தன் தாயாக நடிப்பதில்லை. ஒருத்தியின் தாயை இன்னொருத்தி நடிப்பாள். கதைக்குரியவள் வெளியே நின்று ‘நிறுத்து’ என்று சொல்லலாம், அசைவை மாற்றலாம். பிரேசில்காரர் அகஸ்தோ போவாலின் அரங்கிலிருந்து எடுத்துக்கொண்ட உரிமை இது. முடிந்ததும் ஒவ்வொருவரும் தன் பெயரையும் ஊரையும் உரக்கச் சொல்லி, குழாயடியில் முகம் கழுவி, தேத்தண்ணி குடித்த பிறகே வீட்டுக்கு. துக்கத்தை வைத்து அரங்கு செய்கிற எவருக்கும் இதைத்தான் முதலில் சொல்வேன். கிளறிவிட்டு அனுப்புவது பாவம்.

துக்கத்தை இப்படி மேடையேற்றியவர்கள் வேறிடத்திலும் உண்டு. 2013இல் ஜோர்தானின் அம்மான் நகரில் சிரிய அகதிப் பெண்கள் யூரிப்பிடிஸின் ‘துரோயப் பெண்கள்’ நாடகத்தை நடித்தார்கள். எரிந்த நகரத்தின் கரையில், தங்களைக் கொண்டுபோகப் போகிற கப்பல்களைப் பார்த்து நிற்கும் பெண்கள். மகள்களை இழந்த தாய் எக்குபா. கிரேக்க வரிகளுக்கு நடுவே அப்பெண்கள் தங்கள் சொந்தக் கதைகளை வைத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன் நடித்ததேயில்லை. எங்கள் பெண்களுக்கு இதைச் சொன்னபோது, எக்குபா மகள்களைத் திட்டினாளா என்றுதான் முதலில் கேட்டார்கள்.

ஞாயிறு

நாடகத்தின் முடிவைப் பற்றி இன்று பெரிய வாக்குவாதம். தாயும் மகளும் கட்டிப்பிடித்து அழுது முடியட்டும், சனம் அதைத்தான் எதிர்பார்க்கும் என்றார் மூத்தவர் ஒருவர். தாய் செத்துவிட்டாள், இனி யாரைக் கட்டிப்பிடிக்கிறது என்று இளையவர்கள் கேட்டார்கள். இளையவர்கள் பக்கம்தான் நானும். பாடை போகும், மகள் படலையில் நின்று பேசிக்கொண்டே இருப்பாள், வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டியைப் பற்றி, கட்டிய வீட்டின் ஒழுக்கைப் பற்றி, ஒரு நாளும் வராத ரெலிபோனைப் பற்றி. சமாதானம் வராது. அன்பு இருந்ததென்று அப்போதும் விளங்கும்.

முதல் மேடையேற்றம் மூதூரில், பகலில், பெண்களுக்கு மட்டும். நகரத்துக்கு அதற்குப் பிறகு வருவோம்.

இந்த மாவட்டத்தில் ஒப்பாரி தெரிந்த அம்மம்மாமார் இன்னும் இருக்கிறார்கள். தம்பலகாமத்திலோ சம்பூரிலோ ஈச்சிலம்பற்றிலோ உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், தயவுசெய்து எங்களுக்குச் சொல்லியனுப்புங்கள். நாங்கள் வந்து அவர் காலடியில் இருந்து கேட்கிறோம்.