அதிகாரமும் அமானிதமும்

எங்கள் வீடு சுன்னாகத்தில், சந்தைக்குக் கிட்ட இருக்கிறது. முன்னறையில் மூத்த காக்கா பழைய கணினிகளைத் திருத்திக்கொடுப்பார். கடந்த தவணை விடுமுறையில் அயலிலுள்ள ஆசிரியை ஒருவர் தம் மடிக்கணினியோடு வந்தார். அதில் உபுண்டு 16.04 லினக்ஸ் இருந்தது.

“சரியான பாஸ்வேர்ட்தான் அடிக்கிறன் தம்பி. ஒருக்காக் கறுத்துப்போட்டுத் திரும்பவும் பாஸ்வேர்ட்தான் கேக்குது” என்றார்.

மூன்று வருட வினாத்தாள்களும் பிள்ளைகளின் புள்ளிப் பட்டியல்களும் அதற்குள் இருந்தன. வேறு பிரதியில்லை. ஒரு கடையில், எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போடவேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். அவருடைய குரல் தளர்ந்திருந்தது.

“கடைசியா இதில என்ன செய்தனீங்கள் ரீச்சர்?” என்று காக்கா கேட்டார். அச்சுப்பொறிக்காக மருமகன் ஒரு அமைப்புக் கோப்பைத் திருத்தினானாம். அதற்காக ‘ஜிஎடிட்’ என்ற உரைத் திருத்தியைச் ‘சூடோ’ கட்டளையோடு திறந்தானாம். காக்காவுக்கு அது போதுமாக இருந்தது.

கண்ட்ரோல், ஆல்ட், எஃப்1 விசைகளை ஒன்றாக அழுத்தி எழுத்துத் திரைக்குப் போனார். அங்கே அதே கடவுச்சொல் வேலை செய்தது. ஆசிரியையின் கோப்புறையில் மறைந்திருந்த ‘எக்ஸ் அதாரிட்டி’ என்ற சிறு கோப்பின் உரிமையாளர் பெயர் ‘ரூட்’ என்றிருந்தது. சாளரத் திரைக்குள் நுழைய அந்தக் கோப்பு வேண்டும். அதுவோ இப்போது அவருடையதல்ல. உரிமையாளரை மாற்றும் ஒரு வரிக் கட்டளையோடு வினாத்தாள்கள் எல்லாம் திரும்பி வந்தன. “நீங்கள் இருக்கவேணும் தம்பி” என்று சொல்லிப் போனார் ஆசிரியை.

எனக்கோ ஒரு கேள்வி மிஞ்சியது. ஒரு கோப்பைத் திருத்த எடுத்த அதிகாரம் இன்னொரு கோப்பை ஏன் தொட்டது?

லினக்ஸில் ‘ரூட்’ என்பவரே எல்லாம் செய்ய வல்ல நிர்வாகி. நாம் சாதாரண பயனராக இருந்துகொண்டே அந்த அதிகாரத்தைச் சற்று நேரம் வாங்கிக்கொள்ள உதவுவது சூடோ. 1980 அளவில் அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் அது எழுதப்பட்டது. அக்காலத்தில் ஒரு கட்டளை ஒரு வேலையைச் செய்து முடிந்துவிடும். சாளரத்தோடு திறக்கும் மென்பொருள் அப்படியன்று. எழுத்துரு, நிறம், கடைசியாகத் திறந்த கோப்புகள் என்று பலவற்றை நம் கோப்புறையில் தானாகவே எழுதும். அதை ரூட்டாக ஓடவிட்டால், அப்படி எழுதுபவை ரூட்டின் பெயரில் பதிவாகிவிடலாம். ஒரு கடிதத்துக்காக அதிபரின் முத்திரையை வாங்கியவர், வழியில் கண்ட தாளிலெல்லாம் குத்திக்கொண்டே போவதைப் போன்றது இது.

இதைத் தவிர்க்கவே ‘ஜிகேசூடோ’ என்ற கருவி இருந்தது. உபுண்டு 18.04 இல் அது நீக்கப்பட்டது. 19.10 இலிருந்து சூடோ ரூட்டின் சொந்தக் கோப்புறையையே பயன்படுத்துவதால் இந்தத் தொல்லை குறைந்தது. இன்னோர் ஆபத்தும் உண்டு. ‘எக்ஸ்’ என்ற பழைய சாளர முறைமையில், ஒரே திரையிலுள்ள ஒரு மென்பொருள் மற்றதில் தட்டச்சாவதை ஒட்டுக்கேட்க முடியும். அதற்கு மாற்றாக வந்த ‘வேலண்ட்’ இந்த வாசலை அடைத்தது. 2017 இல் உபுண்டு 17.10 வேலண்டுக்கு மாறியபோது, ரூட்டாக ஓடும் ‘ஜிபார்ட்டட்’ போன்றவை திறக்க மறுத்தன. பலர் சலித்துக்கொண்டார்கள்.

இன்று ‘போல்கிட்’ என்ற காவலர் இருக்கிறார். சாளரம் சாதாரண பயனராகவே இருக்க, பின்னால் ஒரு சிறு பகுதி மட்டும் அனுமதி கேட்டு வேலையை முடிப்பதே அதன் நல்ல வழி. அந்தக் காவலரும் குறையற்றவரல்லர். அதன் ‘பிகேஎக்செக்’ கட்டளையில் 2009 முதல் ஒரு ஓட்டை இருந்தது 2022 ஜனவரியில்தான் வெளியானது. கணினிக்குள் நுழைந்த எவரும் அதனூடாக ரூட் ஆகியிருக்கலாம்.

அமைப்புக் கோப்பைத் திருத்த ‘சூடோஎடிட்’ நல்லது. அது கோப்பின் பிரதியை நம் பெயரில் திறந்துதந்து, திருத்தியபின் உரிய இடத்தில் எழுதிவிடும். அதிகாரம் அந்த ஒரு கோப்போடு நின்றுவிடும்.

நம்மிடம் அமானிதமாகத் தந்த பொருளை எதற்காகத் தந்தார்களோ அதற்கு மட்டும் பயன்படுத்தித் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்றே நம் வீடுகளில் வளர்க்கப்படுகிறோம். கணினி தரும் அதிகாரமும் அப்படியே. பெற்றோர்களே, பிள்ளைகளுக்கு நிர்வாகி உரிமையில்லாத தனிக்கணக்கு ஒன்றைத் திறந்துகொடுங்கள். தோழிகளே, அடுத்தமுறை ஒரு பெட்டி எழும்பிக் கடவுச்சொல் கேட்டால், எந்த வேலைக்காகக் கேட்கிறது என்று அதில் எழுதியிருப்பதை வாசித்த பின்பே விசைப்பலகையில் கை வையுங்கள்.