மணற்காட்டு அடம்பன்

பருத்தித்துறையிலிருந்து தென்கிழக்கே கரையோரமாகச் செல்வோர் வல்லிபுர ஆழ்வார் கோயிலைக் கடந்ததும் நிலத்தின் தன்மை மாறுவதைக் காண்பர். பனையும் தோட்டமும் பின்தங்க, வெண்மணற் குன்றுகள் முன்னே எழுகின்றன. அதுவே மணற்காடு. அங்கே பழைய அந்தோனியார் தேவாலயத்தின் இடிந்த சுவர்களை மணல் சூழ்ந்திருக்கும் காட்சி, காற்று நினைத்தால் என்னவெல்லாம் செய்யும் என்பதற்குச் சான்று.

அக்காற்றை எதிர்த்து நிற்பது மதிலன்று, ஒரு கொடி. அடம்பன் ஏறக்குறைய ஆண்டு முழுவதும் பூக்குமெனினும், மாரி ஓய்ந்தபின் அதன் பொலிவே தனி. ஊதா கலந்த இளஞ்சிவப்புப் பூக்கள் விடியலில் விரிந்து, அன்று பிற்பகலிலேயே வாடிவிடும். ஆகவே காண விரும்புவோர் காலையிலேயே செல்வது நன்று. வெயிலுக்கும் அதுவே புத்தி.

இதன் பிளவுண்ட இலையைக் குறுந்தொகைப் புலவர் ஒருவர் மானின் அடிக்கு ஒப்பிட்டார். 1753இல் இதற்கு இலத்தீன் பெயரிட்ட லின்னேயசு ஆட்டின் அடி என்றார். எமக்கு மானே பொருத்தமாகப் படுகிறது.

கொடி முப்பது மீற்றர் வரையும் ஓடக்கூடியது. கணுத்தோறும் வேர் விடும். காற்றில் வரும் மணலை இலைகள் தடுத்து நிறுத்த, மணல் மேலேறும்; புதைந்த கொடியோ மீண்டும் நுனி நீட்டி அம்மணலின் மேல் படரும். இவ்வாறு குன்று வளர்கிறது. "அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்று நம் முன்னோர் கூறியது வெறும் உவமையன்று. இதன் விதைகள் உப்புநீரில் நெடுநாள் மிதந்தும் முளைக்கும் ஆற்றலை இழப்பதில்லை. உலகின் வெப்பநாட்டுக் கரைகளிலெல்லாம் இக்கொடி குடியேறியது அவ்வாறே.

மணற்குன்று மழைநீரை உறிஞ்சி அடியிலே தேக்கி வைக்கிறது. அந்த நன்னீர், அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்பது. குன்றை வெட்டி மணல் ஏற்றிச் செல்லும்போது முதலில் அறுபடுவது அடம்பன். பின்னர் குறைவது கிணற்று நீர். 2004 டிசம்பர் 26இல் கடல்கோளைக் கண்ட இக்கரையில், எஞ்சிய குன்றுகளைக் காப்பது அழகுக்காக மட்டுமன்று.

கடலோர வீட்டு முற்றங்களில் புற்றரை வளர்க்க முயன்று, நாள்தோறும் நன்னீரை இறைத்துக் கொட்டுவோருக்கு ஒன்று சொல்வோம்: அவ்விடத்தில் அடம்பனை வையுங்கள். ஆனால் குன்றிலுள்ள கொடியைப் பிடுங்க வேண்டா. முற்றங்களிலோ வேலியோரங்களிலோ படர்ந்ததில், மூன்று நான்கு கணுக்கள் கொண்ட முழத்துண்டுகளாக வெட்டி, ஐப்பசி மழை தொடங்கும்போது இரண்டு கணுக்கள் மறையுமாறு சாய்த்துப் புதைக்கவேண்டும். வெட்டிய வாயிற் பால் கசியும், அஞ்சவேண்டா. வேர் பிடிக்கும்வரை ஈரம் போதும். பிறகு வேண்டுவது வெயிலும் நீர் தேங்காத மணலுமே. நிழலில் இலை தழைக்கும், பூ அருகும்.

ஒரு குறை உண்டு: இது எல்லை அறியாத கொடி. நடைபாதைக்கும் கிணற்றடிக்கும் வருமுன் நுனிகளைக் கத்தரித்துவிடுக. கத்தரித்த துண்டுகளை எறியாமல் அயலவருக்குக் கொடுத்தால், அடுத்த முற்றத்திலும் அது வேர்விடும்.