தெரிந்த மாதிரி இருக்கும் வார்த்தை! மியாமியின் எட்டாம் தெருவில் ஓர் உலா

காலையிலேயே மியாமி நகரின் எட்டாம் தெருவில் காபி மணக்கத் தொடங்கிவிடுகிறது. உணவகச் சுவர்களில் தெருவைப் பார்த்தபடி சின்னதாக ஒரு ஜன்னல். அதற்கு ‘வென்டனீட்டா’ என்று பெயர். ஸ்பானிஷ் மொழியில் ‘குட்டி ஜன்னல்’ என்று அர்த்தம். நம்மூர் டீக்கடையில் இருக்கும் பெஞ்சுதான் இல்லை. மற்றபடி அதே அரட்டை, அதே அரசியல். ‘கொலாடா’ என்று கேட்டால், சர்க்கரை தூக்கலான கறுப்புக் காபியை ஒரு கப்பில் ஊற்றி, கூடவே குட்டிக் குட்டி பிளாஸ்டிக் கப்புகளையும் தருவார்கள். பக்கத்தில் நிற்பவர்களுக்கும் ஊற்றிக் கொடுத்துக் குடிப்பது இந்தத் தெருவின் வழக்கம்.

ஊர் அமெரிக்காவில் இருக்கிறது. பேச்சு முழுக்க ஸ்பானிஷ். எட்டாம் தெருவை இங்கே யாரும் ஆங்கிலத்தில் சொல்வதில்லை. ‘காயே ஓச்சோ’ என்கிறார்கள். ஓச்சோ என்றால் எட்டு.

1959-ல் கியூபாவில் ஃபிடல் காஸ்ட்ரோ ஆட்சியைப் பிடித்ததும், அங்கிருந்து மக்கள் மியாமிக்கு வரத் தொடங்கினார்கள். கடற்கரைச் சாலையில் இன்றும் நிற்கும் ‘ஃப்ரீடம் டவர்’ கட்டடத்தில்தான் 1962 முதல் 1974 வரை அகதிகளுக்கான உதவிகள் கிடைத்தன. 1980-ல் மட்டும் சுமார் 1,25,000 பேர் படகுகளில் வந்து இறங்கினார்கள். ‘லிட்டில் ஹவானா’ என்ற பகுதி வளர்ந்த கதை இது. இங்குள்ள டொமினோ பூங்காவில், அந்தக் காலத்தில் வந்த தாத்தாக்கள் இன்றும் மேசையில் காய்களைத் ‘தட் தட்’ எனத் தட்டி ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

மேசை என்றதும் ஒரு சுவாரஸ்யம். ஸ்பானிஷில் அது ‘மெசா’. அலமாரி, ‘அர்மாரியோ’. இந்த இரண்டு சொற்களையும் தமிழுக்குக் கொண்டுவந்தவர்கள் போர்ச்சுக்கீசியர்கள். அவர்கள் மொழியும் ஸ்பானிஷும் லத்தீன் பெற்ற பிள்ளைகள். ஆங்கிலமும் லத்தீனிலிருந்து நிறையக் கடன் வாங்கியது. அதனால் ஆங்கிலம் தெரிந்தவருக்கு ஸ்பானிஷ் பலகைகள் பாதி புரிந்துவிடும். ஃபேமிலி, ‘ஃபமிலியா’. ஹாஸ்பிட்டல், ‘ஓஸ்பிதால்’.

இந்த ‘பாதி புரிதல்’தான் ஆளைக் கவிழ்க்கும்.

‘எக்ஸிட்டோ’ என்ற சொல்லைப் பார்த்தால் வெளியே போகும் வழி என்று தோன்றும். அதற்கு ‘வெற்றி’ என்று பொருள். வாசலுக்கு ‘சலீதா’ என்று எழுதியிருப்பார்கள். ‘லிப்ரேரியா’ நூலகம் கிடையாது, புத்தகக் கடை. ‘ரோப்பா’ கயிறு கிடையாது, துணிமணி. ஆங்கிலத்தில் ‘எம்பாரஸ்ட்’ என்றால் சங்கடப்பட்டவர். அதே சாயலில் ஒரு பெண் ‘நான் எம்பராசாடா’ என்று சொன்னால், கேட்பவர்கள் வாழ்த்துச் சொல்வார்கள். அந்தச் சொல்லுக்குக் கர்ப்பிணி என்று அர்த்தம்! உருவத்தில் ஒன்றாகவும் பொருளில் வேறாகவும் இருக்கும் இந்தச் சொற்களுக்கு மொழிபெயர்ப்பாளர்கள் வைத்திருக்கும் பெயர் ‘போலி நண்பர்கள்’.

ஸ்பானிஷ் நன்றாகத் தெரிந்தாலும் தப்பித்துவிட முடியாது. கியூபாக்காரர்களுக்கு ‘குவாகுவா’ என்றால் பஸ். சிலி நாட்டில் அது கைக்குழந்தை. பப்பாளியின் பெயரைப் பல நாடுகளில் தாராளமாகச் சொல்லலாம். கியூபாக்காரர் பலருக்கோ அது பெண்கள் முன்னால் சொல்லக் கூசும் கொச்சைச் சொல். அதனால் அவர்கள் பழத்தை ‘ஃப்ரூத்தா போம்பா’ என்று கேட்டு வாங்குகிறார்கள்.

கடைத்தெருவில் இவையெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயங்கள். மருந்துச் சீட்டில் அப்படி இல்லை. ஆங்கிலத்தில் ‘ஒன்ஸ்’ என்றால் ஒரு முறை. ஓ, என், சி, இ... இதே நான்கு எழுத்துகளை ஸ்பானிஷில் படித்தால் ‘ஒன்சே’. அதாவது பதினொன்று! தினமும் ஒரு மாத்திரை என்பது பதினொரு மாத்திரையாகிவிடலாம். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி மருந்துக் கடைகளில், கணினி மூலம் ஸ்பானிஷில் தயாரான குறிப்புகளை ஆராய்ந்தார்கள். 2010-ல் வெளியான அந்த ஆய்வில், ஏறத்தாழ பாதிக் குறிப்புகளில் பிழைகள் இருந்தன.

பிழையின் விலை எவ்வளவு என்பதைத் தென் ஃப்ளோரிடா ஏற்கெனவே பார்த்துவிட்டது.

1980 ஜனவரி. 18 வயது இளைஞன் ஒருவன் கடும் தலைவலிக்குப் பிறகு நினைவிழந்தான். கியூப வம்சாவளிக் குடும்பம். பையனை ஆம்புலன்ஸில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். சாப்பிட்ட ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்த வீட்டார், டாக்டரிடம் ‘இன்டாக்ஸிகாதோ’ என்றார்கள். கியூபாவில், தின்றதோ குடித்ததோ உடம்புக்குச் சேராமல் போனால் சொல்லும் சாதாரணச் சொல் அது. டாக்டர் காதில் விழுந்ததோ ஆங்கிலத்தின் ‘இன்டாக்ஸிகேட்டட்’. போதை! அளவுக்கு மீறிப் போதைப்பொருள் எடுத்திருக்கிறான் என்று முடிவுகட்டி, அதற்கான சிகிச்சையைத் தொடங்கினார்கள்.

உண்மையில் அவன் மூளைக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அது தெரியவந்தபோது இரண்டு நாள்களுக்கு மேல் ஓடிவிட்டன. உயிர் பிழைத்தான், கை கால்கள் நான்கும் செயலிழந்தன. அவனுடைய ஆயுள் முழுவதற்குமான இழப்பீடு 7.1 கோடி டாலர் வரை போகும் என்று கணக்கிடப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அன்று யாரும் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடவில்லை. காரணம், தேவை என்றே யாருக்கும் தோன்றவில்லை. குடும்பத்தார், ‘சொல்லிவிட்டோம்’ என்று நினைத்தார்கள். டாக்டர், ‘புரிந்துவிட்டது’ என்று நினைத்தார். தெரியாத வார்த்தையாக இருந்திருந்தால் ‘அப்படியென்றால் என்ன?’ என்று ஒரு கேள்வி வந்திருக்கும். தெரிந்த மாதிரி இருந்ததால் அந்தக் கேள்வி வரவே இல்லை.

அதே ஆண்டு நவம்பரில், உள்ளூர் அரசு நிர்வாகத்தில் ஆங்கிலம் தவிர வேறு மொழிக்குப் பணம் செலவிடக் கூடாது என்று வாக்கெடுப்பில் முடிவானது. அந்தத் தடை 1993-ல் தான் நீங்கியது. இன்று அரசு நிதி பெறும் அமெரிக்க மருத்துவமனைகள், ஆங்கிலம் தெரியாத நோயாளிக்குத் தகுதியான மொழிபெயர்ப்பாளரை இலவசமாக ஏற்பாடு செய்ய வேண்டும். வீட்டுக் குழந்தைகளை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது; அவசர நேரத்துக்கு மட்டுமே விலக்கு. பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் நம்மூர் அம்மா, அப்பாக்களும் ஆஸ்பத்திரியில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று தயங்காமல் கேட்கலாம். பெரும்பாலும் போனிலேயே இணைத்துவிடுவார்கள்.

ஒரே ஊரில் அறுபது வருடம் பழகியதில் இரண்டு மொழிகளும் ஒன்றையொன்று மாற்றியும் இருக்கின்றன. மியாமியில் பிறந்த இளைஞர்கள் காரிலிருந்து ‘கெட் டவுன்’ ஆகிறார்கள். மற்ற அமெரிக்கர்கள் ‘கெட் அவுட்’ ஆவார்கள். ‘இறங்கு’ என்ற ஸ்பானிஷ் சொல் அப்படியே ஆங்கிலமாகிவிட்டது என்று ஃப்ளோரிடா சர்வதேசப் பல்கலைக்கழக மொழியியலாளர்கள் விளக்குகிறார்கள். பஸ்ஸிலிருந்து ‘கெட் டவுன்’ ஆகும் நமக்கு இதில் ஆச்சரியமே இல்லை!

அந்த இளைஞனின் கதையும் நமக்குத் தூரம் இல்லை. ‘மயக்கமா இருக்கு’ என்கிறார் ஒரு பாட்டி. தலைசுற்றலா? பசிக் களைப்பா? கண் இருட்டிக்கொண்டு வருகிறதா? தமிழில் எல்லாவற்றுக்கும் மயக்கம்தான். போதைக்கும் அதே சொல் உண்டு. டாக்டரிடம் ஆங்கிலத்தில் சொல்லப்போகும் பேரன், அதற்கு முன்னால் பாட்டியிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டால் போதும்.

“மயக்கம்னா... எப்படி இருக்கு பாட்டி?”